பத்தடிக்குப் பன்னிரண்டடி

நீளமான ஒரே கூரை. அதன்கீழ் ஒட்டி ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு அறைகள். அறைக்கு ஒரு கதவு, சன்னல் பெரும்பாலும் கிடையாது. முன்னால் சின்னத் திண்ணை. இலங்கை மலையகத்தில் அதை இஸ்தோப்பு என்பார்கள். உள்ளே பத்தடிக்குப் பன்னிரண்டடி. அடுப்பு எரிவதும் அதற்குள்தான், ஈர விறகு புகைவதும் அதற்குள்தான். பிள்ளை பெறுவது, கல்யாணம் முடித்த மகனுக்கு ஓரமாகச் சேலை கட்டி மறைத்துக் கொடுப்பது, செத்தவரைக் கிடத்துவது எல்லாம் அதே தரையில். மழைக்காலத்தில் தகரத்தின் மேல் விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. மழை விட்டால் பக்கத்து அறையின் இருமல்வரை எல்லாம் விழும். சில இடங்களில் இப்படி இரண்டு வரிசைகளை முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டினார்கள். நடுச்சுவர் ஒன்று மிச்சம். பின்பக்கக் காற்றுக்கு வழியே இல்லாமல் போனது அந்த மிச்சத்துக்கான விலை.

இதுதான் லயம். திருநெல்வேலி மலைமேல் இருக்கும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களில் இதற்குப் பெயர் லைன் வீடு. தாமிரபரணிக் கரையில் பிறந்த கட்டடம் அல்ல இது. ஆனால் அது எங்கே பிறந்தது, யார் அதில் குடியிருந்தார்கள், யார் அதைப் பற்றி வெளியே வந்து சொன்னார்கள் என்று தேடிக்கொண்டு போனால், திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் வழிநெடுக எதிர்ப்படுகிறார்கள்.

கதை இலங்கையின் காப்பித் தோட்டங்களில் தொடங்குகிறது. 1830களில் கண்டி மலைகளை அழித்துக் காப்பி வைத்தார்கள். காப்பிப் பழம் பறிக்கச் சில மாதங்களுக்குத்தான் ஆள் வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் என்ற ஆள்பிடிக்கும் மேஸ்திரிகள் ஆள் கூட்டிவந்தார்கள். பழம் பறித்து முடிந்ததும் பெரும்பகுதியினர் ஊர் திரும்பினார்கள். வந்து போகிறவனுக்கு எதற்கு வீடு? தலைசாய்க்க ஒரு கொட்டகை போதும் என்று கட்டியதுதான் இந்த வடிவம். அப்புறம் 1869இல் தலைகாட்டிய இலைநோய் போகப்போகக் காப்பியை மொத்தமாக அழித்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலை விட்டுவிட்டு வேலை வாங்கும் பயிர் அல்ல, வருஷம் முழுக்கக் கொழுந்து விடும். ஆட்கள் குடும்பத்தோடு நிரந்தரமாகத் தங்க வேண்டியதாயிற்று. பயிர் மாறியது, வேலை மாறியது, கொட்டகையின் அளவு மாறவில்லை. சில மாதத் தங்கலுக்கென்று போட்ட கணக்கில் ஐந்து தலைமுறை வாழ்ந்து தீர்த்திருக்கிறது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் உறுத்தும் இடம் இதுதான்.

தாது வருஷப் பஞ்சம் 1876-78இல் தென் மாவட்டங்களைச் சுட்டெரித்தபோது கப்பலேறியவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. திருநெல்வேலிக்காரர்களுக்குத் தூத்துக்குடித் துறைமுகம் பக்கம். கொழும்பில் இறங்கினால் மலைக்கு நடை. பிற்காலத்தில் ரயில். வயல்களில் பண்ணையாளாக இருந்த ஒடுக்கப்பட்ட சாதியினரே அதிகம் போனார்கள். ஆண்டை கொடுத்த மனையில் குடிசை போட்டு, ஆண்டை போ என்றால் போக வேண்டிய வாழ்க்கையிலிருந்து தப்பிக்கிறோம் என்று நினைத்துப் போனவர்கள், தோட்டத்துத் துரை கொடுத்த காம்பராவில், அதாவது லயத்து அறையில் குடியேறி, துரை போ என்றால் போக வேண்டியவர்கள் ஆனார்கள்.

அதே காலத்தில் இந்த லயத்துக்குச் சகோதரர்கள் உலகெங்கும் முளைத்தார்கள். பிஜியின் கரும்புத் தோட்டங்களில் பத்தடிக்கு ஏழடி அறை, அதில் ஒரு குடும்பம் அல்லது தனியாட்கள் மூன்று பேர். மலேயாவில், மொரீஷியஸில், அசாமில் எங்கும் வரிசைக் குடியிருப்பு. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நெசவாலைத் தொழிலாளர்களுக்கு முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் இருந்ததை ஏங்கெல்ஸ் 1845இலேயே எழுதியிருந்தார். லண்டனில் ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் 1849இல் மார்னிங் கிரானிக்கிள் நாளிதழுக்காக ஏழைத் தொழிலாளர்களின் அறைகளுக்கே போய் உட்கார்ந்து அவர்கள் சொல்வதை எழுதினார். நியூயார்க்கில் ஜேக்கப் ரீஸ், சன்னலில்லாத வாடகை அறைகளுக்குள் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி, அந்த ஒரு நொடி வெளிச்சத்தில் படமெடுத்து 1890இல் புத்தகமாகப் போட்டார். நகரங்கள் அதிர்ந்தன, வீட்டுச் சட்டங்கள் வந்தன.

ஆனால் அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. நகரத்துச் சேரி தெருவில் இருக்கிறது, தெரு பொது. யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். தோட்டத்து லயத்துக்குப் போகும் பாதை கம்பெனியுடையது. அதன் வாசலில் கேட் உண்டு, காவலாள் உண்டு. துரையின் அனுமதி இல்லாமல் உள்ளே நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. லயத்து வறுமையைச் சுவர் மறைக்கவில்லை, கேட் மறைத்தது. அதைத் தாண்டப் பத்திரிகைக்காரன் வேறு வேடம் போட வேண்டியிருந்தது.

1886இல் கல்கத்தாவிலிருந்து துவாரகாநாத் கங்குலி அசாம் தோட்டங்களுக்குப் போனார். சஞ்சீவனி என்ற வங்க மொழி இதழிலும் பெங்காலி என்ற ஆங்கில ஏட்டிலும் கூலிகள் ஏமாற்றிக் கொண்டுவரப்படுவதை எழுதினார். அவருக்கு முன்பே ராம்குமார் வித்யாரத்னா என்ற பிரம்ம சமாஜப் பிரசாரகர் அங்கே போய்ப் பார்த்து எழுதியிருந்தார்.

நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தவர் தஞ்சாவூர்க்காரர், கோ. நடேசய்யர். இலங்கைத் தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியாக வேடம் போட்டுக்கொண்டு போனார். தலையில் துணி மூட்டை. லயத்து வாசலில் மூட்டையை இறக்கினால் பெண்கள் கூடுவார்கள். விலை பேசுகிற சாக்கில் கூலி என்ன, கங்காணிக் கடன் எவ்வளவு, பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள் என்பதெல்லாம் பேச்சில் வந்துவிடும். பார்த்ததை 1920களில் தேசநேசன், தேசபக்தன் ஆகிய தன் பத்திரிகைகளில் எழுதினார். துணைவியார் மீனாட்சி அம்மாளும் கூடவே எழுதினார், தொழிலாளர் கூட்டங்களில் பாட்டுப் பாடி ஆட்களைத் திரட்டினார். பத்திரிகை நடத்தியதோடு நிற்காமல் நடேசய்யர் தொழிற்சங்கம் கட்டினார், சட்டசபைக்கும் போனார். தமிழ் இதழியல் வரலாறு எழுதுகிறவர்கள் இவருக்கு இன்னும் உரிய இடம் கொடுக்கவில்லை என்பது என் கருத்து. மூட்டை தூக்கிக்கொண்டு செய்தி சேகரித்தவர் நம்மில் எத்தனை பேர்?

லயத்தின் உள்பக்கத்தை நெல்லைத் தமிழில் எழுதிக் காட்டியவர் புதுமைப்பித்தன். அவரும் பத்திரிகைக்காரர்தான், ஊழியன், மணிக்கொடி, தினமணி என்று அலுவலகங்களில் உழைத்தவர். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வளர்ந்தவர். 1935இல் மணிக்கொடியில் வந்த துன்பக் கேணி, வாசவன்பட்டிச் சேரியைச் சேர்ந்த மருதி என்ற பெண்ணை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறது. தலைப்பு, பிஜித் தீவுக் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகப் பாரதி பாடிய பாட்டிலிருந்து எடுத்தது. பாரதியும் பத்திரிகையாசிரியர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். தூரதேசத்துச் செய்தியைப் படித்துப் பதறிய ஒரு பத்திரிகையாசிரியரின் வார்த்தையை, இன்னொரு பத்திரிகைக்காரர் தன் ஊர்ப் பெண்ணின் கதைக்குப் பெயராக வைத்தார்.

மருதியின் கதை அச்சேறிய காலத்தில் லயம் கடல் தாண்டி நெல்லைக்கே வந்துவிட்டிருந்தது.

அது வந்த வழி கொஞ்சம் சுற்று. பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 1863இல் தொடங்கிய கம்பெனி, பர்மாவின் தேக்கை வெட்டி விற்றது. அந்தக் கம்பெனிக்குப் பர்மிய அரசு போட்ட அபராதத்தைச் சாக்காக வைத்து 1885இல் ஆங்கிலேயர் படையெடுத்து, தீபா மன்னரை நாடு கடத்தினார்கள். ஒரு ராஜ்ஜியத்தின் முடிவில் பங்கிருந்த கம்பெனி அது. மரத்திலிருந்து தேயிலைக்கும் வந்தது. இந்தப் பக்கம் சிங்கம்பட்டி ஜமீன். 1919இல் சென்னையில் டி லா ஹே என்ற ஆங்கிலேயக் கல்லூரி முதல்வர் சுட்டுக்கொல்லப்பட்ட வழக்கில் சிங்கம்பட்டி இளைய ஜமீன்தார் பெயரும் அடிபட்டது. அந்த வழக்குச் செலவுதான் ஜமீனைக் காட்டைக் குத்தகைக்கு விட வைத்தது என்று அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். எப்படியோ, 1929 பிப்ரவரியில் மணிமுத்தாறுக்கு மேலே 8,373 ஏக்கர் மலைக்காடு 99 வருஷக் குத்தகைக்கு எழுதப்பட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தோட்டங்கள் எழுந்தன. கூடவே லைன் வீடுகளும் எழுந்தன.

நாலுமுக்கும் ஊத்தும் வடகிழக்குப் பருவமழையில் தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பதிவாகும் இடங்கள். வானிலைச் செய்தியில் அந்தப் பெயர்கள் வரும்போது நமக்கு அது எண். அங்கே இருந்தவர்களுக்கு அது காயாத துணி, பற்றாத விறகு, காலில் ஏறும் அட்டை. விடியுமுன் எழுந்து, இடுப்பில் சாக்குப் படங்கு சுற்றி, தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பெயர் கூப்பிட்டபோது இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. கூலி இல்லாத நாட்கள் கூடினால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் வீடும் இல்லை.

லயத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அளவைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நானும் தலைப்பில் அளவைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அந்த அறையின் உண்மையான குணம் சின்னதாக இருப்பதில் இல்லை. கூரையும் கூலியும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருப்பதில் இருக்கிறது. சங்கம் சேர்ந்தவனை, எதிர்த்துக் கேட்டவளை, வயதானவரை, நோயாளியை வேலையிலிருந்து நிறுத்தினால் போதும், அடுத்த நாள் குடும்பம் பெட்டியோடு ரோட்டில். வெளியே போலீஸ் தேவையில்லை, வீடே போலீஸ் வேலை பார்க்கும்.

சுதந்திர இந்தியா 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. அதன் 15ஆம் பிரிவு, தொழிலாளருக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு கட்டித் தருவது முதலாளியின் கடமை என்றது. நல்ல சட்டம். மருத்துவமனை, பிள்ளை பார்த்துக்கொள்ளும் கொட்டகை எல்லாம் அதில் வந்தன. அறைகள் பெருகின, சன்னல்கள் வைத்தார்கள், பிற்பாடு மின்சாரம் வந்தது. ஆனால் அந்த முடிச்சு மட்டும் அவிழவில்லை. சொல்லப்போனால் சட்டமே அதை இன்னும் இறுக்கியது. வீடு கொடுப்பது முதலாளி கடமை என்றால், முதலாளி போன பிறகு? அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் எழுதவில்லை.

இதற்கிடையில் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி.எச். டேனியல் தான் கண்டதையும் கேட்டதையும் வைத்து 1969இல் ஆங்கிலத்தில் ரெட் டீ என்ற நாவலை எழுதினார். பஞ்சம் பிழைக்கத் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மலையேறும் கணவன் மனைவியின் கதை அது. இரா. முருகவேள் அதை எரியும் பனிக்காடு என்று தமிழாக்கிய பிறகுதான் நம்மில் பலருக்கு அது தெரியவந்தது. நடேசய்யர் மூட்டையோடு கேட்டைத் தாண்டினார், டேனியல் மருந்துப் பெட்டியோடு தாண்டினார். பத்திரிகையாளர்கள் போக வேண்டிய இடத்துக்கு ஒரு டாக்டர் போய் எழுதியிருக்கிறார் என்பதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

இலங்கையிலிருந்த லயத்துக்காரர்களுக்கு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசுவோம் என்று பிரித்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டம் போட்டது, அதுதான் பின்னாளில் டான்டீ. அங்கேயும் அவர்களுக்குக் கிடைத்தது வரிசை வீடுதான். கடல் கடந்து போன அறை, அதே ஆட்களோடு கடல் கடந்து திரும்பி வந்தது.

மாஞ்சோலை வெளியுலகத்துக்குத் தெரிந்தது 1999இல். தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுப் போராட்டம் நடந்தது. அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கைதுசெய்து திருச்சிச் சிறையில் அடைத்தார்கள், பெண்களும் அதில் உண்டு. அவர்களை விடுவிக்கக் கோரியும் கூலி கேட்டும் ஜூலை 23ஆம் தேதி திருநெல்வேலி சந்திப்பிலிருந்து கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் வந்தது. புதிய தமிழகம் தலைவர் கிருஷ்ணசாமியும் மற்றக் கட்சித் தலைவர்களும் வந்தார்கள். ஆட்சியர் அலுவலகத்தின் பக்கத்தில் ஒருபுறம் சுவர், மறுபுறம் ஆறு. போலீஸ் தடியடி தொடங்கியபோது ஓட இருந்த வழி தாமிரபரணிதான். பதினேழு பேர் செத்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. இதை விசாரித்த நீதிபதி மோகன் ஆணையம், பெரும்பாலான சாவுகள் நீரில் மூழ்கியதால் என்றது. ஏன் ஆற்றில் இறங்கினார்கள் என்பதுதான் கேள்வி. மூழ்கினார்கள் என்பது அதற்குப் பதில் ஆகாது.

அன்று அங்கிருந்த செய்திப் புகைப்படக்காரர்களும் வீடியோ எடுத்தவர்களும் இல்லையென்றால் ஆணையத்தின் வாசகம் மட்டுமே மிஞ்சியிருக்கும். தடி உயர்ந்திருப்பதும், தண்ணீருக்குள் நிற்பவர்களை நோக்கி ஓங்குவதும் படத்தில் பதிவாகிவிட்டன. அந்தப் படங்களை வைத்து ஆர்.ஆர். சீனிவாசன் நதியின் மரணம் என்ற ஆவணப்படத்தை எடுத்தார். ஜேக்கப் ரீஸ் மக்னீசியப் பொடியால் ஓர் அறைக்குள் பாய்ச்சிய வெளிச்சம் போன்றது அது. நெல்லையில் ஒவ்வொரு ஜூலை 23லும் ஆற்றில் மலர்வளையம் வைக்கக் கூட்டம் கூடுவதற்கு அந்தப் படங்களும் ஒரு காரணம்.

ஆனால் ஆற்றங்கரையைப் படமெடுத்த அளவுக்கு மலைமேல் இருந்த லைன் வீட்டை நாம் எழுதவில்லை. பதினேழு சாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக வந்தது. அந்தப் பதினேழு பேரும் யாருக்காக வந்தார்களோ, அவர்கள் திரும்பிப் போய்ப் படுத்த அறை யாருக்குச் சொந்தம் என்று கேட்ட கட்டுரைகள் குறைவு. அதன் பலனை இருபத்தைந்து வருஷம் கழித்துப் பார்த்தோம்.

மாஞ்சோலையைச் சுற்றியுள்ள களக்காடு முண்டந்துறைக் காடு 1988இல் புலிகள் காப்பகம் ஆனது, தமிழ்நாட்டின் முதல் காப்பகம். 2018இல் சிங்கம்பட்டி ஜமீன் காடு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. அதற்கு முன்பே கிளம்பிவிடக் கம்பெனி முடிவெடுத்தது. 2024 ஜூன் மாதம் விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள், ஜூன் 14 கடைசி வேலை நாள். அதன்பிறகு குறித்த நாளுக்குள் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்பது நிபந்தனை. கொள்ளுத்தாத்தா காட்டை வெட்டிக் கொழுந்துச் செடி வைத்த மலையில், அவர் பேரன் பேத்திகளுக்கு ரேஷன் அட்டை இருந்தது, ஓட்டு இருந்தது, கோயிலும் தேவாலயமும் பள்ளியும் இருந்தன. ஒரு சென்ட் நிலம் இல்லை. லைன் வீட்டின் ஒரு செங்கல் இல்லை.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை போட்டது. தேசிய மனித உரிமை ஆணையத்தின் குழு செப்டம்பரில் மலைக்கு வந்து விசாரித்தது. தோட்டத்தை டான்டீ ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பர் 3ஆம் தேதி நீதிமன்றம் ஏற்கவில்லை. புலிகளுக்கு உரிய காடு காடாகவே திரும்ப வேண்டும், தொழிலாளர்களுக்கு அரசு மறுவாழ்வு கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். காடு திரும்ப வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. தாமிரபரணிக்கு நீர் தரும் காடு அது. கீழே நெல் விளைவதும் தூத்துக்குடிவரை குடிநீர் போவதும் அந்த மழையால்தான். ஆனால் அந்தக் காட்டைக் குத்தகைக்கு விட்ட ஜமீனும், வெட்டிச் சம்பாதித்த கம்பெனியும், சட்டம் போட்ட அரசும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போயாயிற்று. வெறுங்கையோடு இறங்குகிறவர்கள் கொழுந்து பறித்தவர்கள் மட்டும்.

அவர்களுக்கு அரசு காட்டிய வழிகளில் ஒன்று, நெல்லை நகரத்தின் ஓரத்தில் அடுக்குமாடி வீடு. நீளமாகக் கிடந்த லயத்தை நிமிர்த்தி வைத்த மாதிரி அது இருந்துவிடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது. மலையில் வேலை போனால் வீடு போகும். இங்கே வீடு இருக்கும், வேலைக்கு எங்கே போவது? ஐம்பது வயதுவரை கொழுந்து மட்டுமே பறித்த கை. இலங்கையில் இப்போது மலையக மக்கள் லயத்தை விட்டு ஏழு பேர்ச்சஸ் (அங்கத்து நில அளவு) காணியும் அதன் உறுதிப் பத்திரமும் தனிவீடும் கேட்டுப் பெறத் தொடங்கியிருக்கிறார்கள். மிக மெதுவாக நடக்கிறது, இன்னும் லயத்தில் கிடப்பவர்கள் ஏராளம். ஆனாலும் கேட்பது சரியான கேள்வி: கூரை மட்டும் போதாது, அதன் கீழுள்ள மண் என் பேரில் வேண்டும்.

மாஞ்சோலைக்காரர்களுக்கும் அதுவே வேண்டும். மணிமுத்தாறு, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்தில், பெண்ணின் பேரில் பட்டாவோடு மனையும் பிழைக்க நிலமோ வேலையோ கொடுப்பது அரசுக்கு முடியாத காரியம் அல்ல. ஏறக்குறைய நூறு வருஷம் உழைத்தவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி அது, தர்மம் அல்ல. பத்திரிகையில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மணிமுத்தாறு வனச் சோதனைச்சாவடியைத் தாண்டி மேலே போக அனுமதி கேளுங்கள், கிடைக்காவிட்டால் கீழே இறங்கியவர்கள் குடியிருக்கும் இடங்களுக்குப் போங்கள். வீடு எத்தனை அடி என்று அளந்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள்.